தேனிலவுக்கு ஏற்ற தேய்பிறை

திருவண்ணாமலைக்கா, கோயில் ஊருக்கா தேனிலவு போவார்கள் என்று வீட்டில் யாராவது கேட்கத்தான் செய்வார்கள். பெண்டாட்டிக்குப் பாதி உடம்பைக் கொடுத்த சாமி குடியிருக்கும் ஊர் அது என்று பதில் சொல்லிவிட்டுப் பையைக் கட்டலாம்.

இந்த அத்தியாயம் எல்லாத் தம்பதிகளுக்கும் ஆனதல்ல. நீச்சல் குளத்தின் ஓரம் சாய்ந்து கிடக்க நினைப்பவர்கள் புதுச்சேரிப் பக்கம் போவது நல்லது. நடப்பது, மலை ஏறுவது, சைக்கிள் மிதிப்பது, பொழுது விடியும் முன் எழுந்து வெளியே கிளம்புவது, இவை இருவருக்கும் பிடிக்கும் என்றால் மேலே படியுங்கள். ஒருவருக்கு மட்டும்தான் பிடிக்கும் என்றால் அதைக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். மலையைச் சுற்றிவரும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஏழாவது கிலோமீட்டர் அந்தப் பேச்சுக்கு உகந்த இடமில்லை.

தங்குவதற்குப் பெரிய கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களைவிட ரமண மகரிஷியின் ரமணாசிரமம் இருக்கும் பகுதியே தோது. கோயிலிலிருந்து தென்மேற்கே செங்கம் சாலையில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வாசலில் இறங்கினால் கிரிவலப் பாதை, ஆசிரமத்தின் பின்புறம் போனால் மலைப்பாதை. செஞ்சிக் கோட்டை, பர்வதமலை, சாத்தனூர் அணை எல்லாம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடும். ஜவ்வாது மலைக்கு மட்டும் சற்றுக் கூடுதலாக ஆகும்.

எப்போது வருவது என்பதுதான் இங்கே சிக்கல். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மாதம் பார்த்தால் போதும். திருவண்ணாமலைக்கு மாதமும் பார்க்க வேண்டும், திதியும் பார்க்க வேண்டும், கிழமையும் பார்க்க வேண்டும். மாதத்தைச் சரியாகப் பிடித்துத் திதியில் கோட்டை விட்டவர்களைப் பௌர்ணமி இரவுகளில் செங்கம் சாலை ஓரம் பெட்டியோடு பார்க்கலாம். ஆட்டோ வராது, அறை கிடைக்காது, கூட்டத்தில் பத்து அடி தள்ளி நிற்கும் மனைவியின் குரல்கூடக் கேட்காது.

கல்யாண மாதமும் கிளம்பும் மாதமும்

தேனிலவின் மாதத்தைப் பாதி முடிவு செய்வது பஞ்சாங்கம். ஆடியிலும் மார்கழியிலும் நம் வீடுகளில் கல்யாணம் இல்லை. புரட்டாசியையும் பலர் தவிர்ப்பார்கள். மிச்சமுள்ள மாதங்களில் தை, மாசி, பங்குனியில் ஒரு கொத்து, வைகாசி, ஆனியில் ஒரு கொத்து, ஆவணியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று என்று முகூர்த்தங்கள் விழும்.

ஆனால் தாலி கட்டிய மறுநாளே யாரும் கிளம்புவதில்லை. மறுவீடு, குலதெய்வம் கோயில், மாமா வீட்டு விருந்து, சித்தி வீட்டு விருந்து, அழைக்காவிட்டால் கோபித்துக்கொள்ளும் பெரியப்பா வீட்டு விருந்து என்று இரண்டு வாரமாவது ஓடிவிடும். ஆகவே தை முகூர்த்தத்துக்குத் தேனிலவு தை பிற்பகுதியிலோ மாசி முற்பகுதியிலோ வரும் என்று கணக்கு வையுங்கள். வைகாசிக் கல்யாணமானால் ஆனி. ஆனி கடைசியில் கல்யாணமானால் ஆடி பிறந்துவிடும், பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அந்த மாதம் ஊர் சுற்றத் திட்டம் போட்டால் ஆடிச் சீர் கொண்டுவரும் மாமனாரிடம் நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும். தலைதீபாவளி, தலைப்பொங்கல் இரண்டும் அதேபோல்தான். அந்த நாட்களுக்கு அறை பதிவு செய்வது பணத்தை உண்டியலில் போடுவதற்குச் சமம், புண்ணியம் மட்டும் சேராது.

வெயிலும் மழையும்

பங்குனி நடுவிலிருந்து ஆனி வரை இந்த ஊரில் நடைப்பயணம் வேண்டாம் என்பதே என் கட்சி. சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அக்கினி நட்சத்திரம் மே முதல் வாரத்தில் தொடங்கி மாத இறுதி வரை நிற்கும். வெயில் பகலோடு போய்விடுவதில்லை. மலை முழுதும் பாறை, பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கும் மலையடிவாரத்து மொட்டைமாடி கொதிக்கும். கிரிவலம் வெறுங்காலோடு போவது வழக்கம் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். காலை ஒன்பது மணித் தார்ச்சாலை கல்யாணப் பெண்ணின் மருதாணிப் பாதத்தை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. மலையில் புல் காய்ந்து கிடக்கும் மாதங்கள் அவை. பங்குனி தொடங்கியதும் சரிவுகளில் அடிக்கடி தீ பிடிக்கும். வனத்துறையும் உள்ளூர் தன்னார்வலர்களும் இரவில் மேலே ஏறி அணைப்பார்கள். தீப்பிடித்த நாட்களில் மலைப்பாதையில் உங்களை விட மாட்டார்கள், விடவும் கூடாது.

வெயில் காலத்துக்கு ஆதரவாகச் சொல்ல நுங்கும் பதநீரும் மாம்பழமும் இருக்கின்றன. அவற்றைச் சாப்பிட இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

ஆவணி, புரட்டாசி அவ்வளவு மோசமில்லை. பகல் புழுக்கம்தான், ஆனால் பல நாட்களில் மாலை நான்கு மணிக்கு மேல் இடி இடித்து ஒரு மழை கொட்டி ஊரைக் குளிர்த்திவிடும். காலை நடைக்கு இந்த மாதங்கள் நன்றாகவே ஒத்துழைக்கும். வழியெங்கும் சீத்தாப்பழம் கூடைகூடையாக விற்கும். ஆவணியில் கல்யாணம், விடுப்பு இப்போதுதான் கிடைக்கும் என்பவர்கள் தயங்காமல் வரலாம். மாலை வேலைகளை மட்டும் கூரைக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழையின் மாதங்கள். இதில் சூதாட்டம் உண்டு. சில வருடம் நாலு தூறலோடு விட்டுவிடும், சில வருடம் விடாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் டிசம்பர் 1 அன்று அண்ணாமலையின் அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து வீடு புதைந்து ஏழு பேர் இறந்தார்கள். அந்த வருடம் டிசம்பர் 13 கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்களை மலை ஏற விடவில்லை. ஆகவே புயல் எச்சரிக்கை இருக்கும் வாரத்தில், முன்பணம் போனாலும் போகட்டும் என்று பயணத்தைத் தள்ளிவைப்பதே புத்தி. மலையை ஒட்டிய அறை வேண்டும் என்ற ஆசையையும் மழை மாதங்களில் விட்டுவிடுங்கள். செங்கம் சாலையின் தெற்குப் பக்கம் சமதரையில் இருக்கும் விடுதியே போதும்.

மழை நன்றாகப் பெய்து ஓய்ந்த வருடத்தில் மார்கழி, தை, மாசி மூன்றும் இந்த ஊரின் அழகு மாதங்கள். மலை பச்சையாக இருக்கும். ஆசிரமத்துக்குத் தெற்கே உள்ள சமுத்திரம் ஏரி நிரம்பியிருந்தால் கரையில் நின்று மலையைத் தண்ணீரில் பார்க்கலாம். விடியற்காலையில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும், மெல்லிய சால்வை ஒன்று எடுத்து வாருங்கள். கொசுவும் உண்டு, மழைக்குப் பின் கொஞ்சம் அதிகமாகவே.

இந்த மூன்று மாதத்தைக் கண்டுபிடித்தவர்கள் நாம் மட்டுமல்ல. ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் 1934-இல் வெளியிட்ட புத்தகம் ரமணரை ஐரோப்பாவுக்குத் தெரியப்படுத்தியது. நாவலாசிரியர் சாமர்செட் மாம் 1938-இல் வந்து போய் 1944-இல் ஒரு நாவலே எழுதிவிட்டார். அன்று தொடங்கிய வரத்து இன்றும் நிற்கவில்லை. தங்கள் ஊர் குளிரில் விறைக்கும் மாதங்களில் வெளிநாட்டினர் இங்கே வந்து வீடு எடுத்துத் தங்குகிறார்கள். பிப்ரவரி முடிய முடியக் கிளம்பிவிடுவார்கள். டிசம்பர், ஜனவரியில் ஆசிரமம் பகுதியில் நல்ல அறை கிடைக்காததற்கு அவர்கள் ஒரு காரணம், மார்கழிப் புனர்பூசத்தில் வரும் ரமண ஜயந்தி இன்னொரு காரணம். மாசி முதல் பதினைந்து நாளில் கூட்டம் கரையத் தொடங்கும், குளிரும் முழுதாகப் போயிருக்காது. ஒரே ஒரு பதில் சொல் என்று என்னைக் கேட்டால் அந்தப் பதினைந்து நாளைத்தான் சொல்வேன்.

நிலாவைப் பார்த்து நாள் குறியுங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கானவர்கள் கிரிவலம் வருகிறார்கள். சென்னை, பெங்களூர் மட்டுமில்லை, ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் பேருந்து பேருந்தாக வருகிறார்கள். பௌர்ணமித் திதி பெரும்பாலும் ஒரு நாள் தொடங்கி மறுநாள் முடியும் என்பதால் கூட்டம் இரண்டு இரவுக்கு நிற்கும். கிரிவலப் பாதையில் வாகனம் விடமாட்டார்கள், அதனால் ஆசிரமம் பகுதியில் தங்கியிருப்பவருக்கு உள்ளே வரவும் வழியில்லை, வெளியே போகவும் வழியில்லை. சித்ரா பௌர்ணமியும் கார்த்திகைப் பௌர்ணமியும் இதற்குப் பல மடங்கு. கூட்டத்தோடு கூட்டமாக நடப்பதில் ஒரு பரவசம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. பத்து வருடம் கழித்துப் பிள்ளைகளோடு வந்து அதை அனுபவித்துக்கொள்ளலாம்.

பௌர்ணமி போனபின் வரும் தேய்பிறையைப் பிடியுங்கள். காரணம் கூட்டம் மட்டுமில்லை, வெளிச்சம்.

தேய்பிறையில் நிலா நாளுக்கு நாள் தாமதமாக எழும். பஞ்சமி அன்று இரவு பத்து மணிக்கு மேல்தான் கிழக்கே தலைகாட்டும், ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு உச்சியில் நிற்கும். நீங்கள் கிரிவலம் கிளம்ப வேண்டிய நேரமும் அதுவே. துவிதியை தொடங்கி அஷ்டமி வரை விடிகாலைப் பாதைக்கு நிலா வெளிச்சம் உண்டு. பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்து வந்தால் கிட்டத்தட்ட முழு நிலாவும் முழு மலையும் காலியான சாலையும் கிடைக்கும். வளர்பிறையில் இது நடக்காது. அப்போது நிலா மாலையில் இருக்கும், நள்ளிரவுக்கு முன்னும் பின்னுமாக மறைந்துவிடும், விடிகாலையில் இருட்டுதான். மாலை நடை போகலாமே என்றால், மாலையில் செங்கம் சாலையில் பேருந்தும் லாரியும் ஓயாது, ஊருக்குள் வந்து சேரும்போது கடைத்தெரு நெரிசலும் சேர்ந்துகொள்ளும்.

தேய்பிறையில் புது மணமக்கள் கிளம்பலாமா என்று பாட்டி கேட்பார். முகூர்த்தத்தை வளர்பிறையில் வைத்து இரண்டு வாரம் விருந்து சாப்பிட்டால் அடுத்தது தேய்பிறையாகத்தானே இருக்கும் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் கிளம்புவதற்கு நல்ல நேரம் குறிக்கும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள். கேள்வி அத்தோடு தீரும்.

தேய்பிறையிலும் பின்பகுதி கவனம். திரயோதசியில் பிரதோஷம், பெரிய கோயிலில் மாலை முழுதும் நெரியும். அதை அடுத்துச் சிவராத்திரி, அமாவாசை. மாசித் தேய்பிறைச் சதுர்த்தசி மகாசிவராத்திரி, லிங்கோத்பவம் நடந்த தலம் இதுவே என்பதால் இந்த ஊருக்கு அது சொந்தத் திருநாள். ஆகத் துவிதியை முதல் ஏகாதசி வரை பத்து நாள் கிடைக்கிறது. அதில் சனி, ஞாயிறைக் கழித்துவிடுங்கள். சில வருடங்களாக இங்கே எந்த வாரக் கடைசியும் அமைதியாக இல்லை. திங்கள் மதியம் வந்து வெள்ளி மதியம் கிளம்புவது என்பதே என் சூத்திரம்.

விதிவிலக்குகள் இரண்டு

கூட்டம் இருந்தாலும் வரலாம் என்று சொல்லத்தக்க சந்தர்ப்பங்கள் இரண்டு உண்டு. இரண்டும் மற்ற யாரையும்விடப் புதுமணத் தம்பதிகளுக்கே அதிகம் பொருந்தும்.

தை இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கலன்று, திருவூடல். அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலையம்மனுக்கும் சண்டை. பிருங்கி முனிவர் சிவனை மட்டும் வலம் வந்து அம்மனைக் கண்டுகொள்ளாமல் விட்டதால் வந்த ஊடல் அது. இதற்கென்றே ஊரில் ஒரு தெரு இருக்கிறது, பெயர் திருவூடல் தெரு. சாமியும் அம்மனும் அங்கே எதிரெதிராக நிற்பார்கள், முன்னும் பின்னுமாக ஆடி ஆடி வருவார்கள், சுந்தரர் நடுவில் தூது போவார். சமாதானம் ஆகாமல் அம்மன் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அண்ணாமலையாருக்கு அன்றிரவு வீட்டில் இடமில்லை, குமரக்கோயிலில் தங்குகிறார். மறுநாள் தனியாகக் கிரிவலம் போய்த் திரும்பி வந்த பிறகே மறுவூடல், சமரசம். வருடத்தில் அண்ணாமலையார் தாமே மலையைச் சுற்றுவது இரண்டே முறை, அதில் இது ஒன்று. கல்யாணமான முதல் வருடத்தில் இதைச் சேர்ந்து நின்று பார்ப்பது தேனிலவுக்கு நல்ல பயிற்சி என்று நினைக்கிறேன். தலைப்பொங்கல் குறுக்கே வரும் என்பது உண்மை. பெண் வீடு ஆரணி, போளூர், வேலூர், விழுப்புரம் பக்கம் என்றால் பொங்கலை அங்கே முடித்துவிட்டு மறுநாள் காலையில் வந்துவிடலாம்.

அடுத்தது கார்த்திகை தீபம். ஆனால் தீபத்தன்றே வராதீர்கள். அன்று மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏற்றுவதற்குச் சற்று முன், கொடிமரத்தின் முன்னே அர்த்தநாரீசுவரர் சில நிமிடம் மட்டும் காட்சி தருவார். தம்பதிகள் பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் உள்ளே நுழைவதற்கே அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தப் பத்து நாள் விழாவில் அறை வாடகை என்ன சொல்கிறார்களோ அதுதான் விலை. விஷயம் வேறு. உச்சியில் ஏற்றிய தீபம் ஒரே நாளில் அணைவதில்லை, பதினொரு நாள் எரியும். தீப நாள் முடிந்து நான்காம் நாள் வந்தால் கூட்டம் கலைந்திருக்கும், வாடகை இறங்கியிருக்கும், கொப்பரையில் தீபம் மட்டும் தினமும் மாலையில் எரிந்துகொண்டிருக்கும். தீபம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் அந்த வாரமே தேய்பிறை. மழையும் விட்டுவிட்டால் வருடத்தின் மிக நல்ல நான்கு நாள் இதுவாகவே இருக்கலாம். மழை விடும் என்று உறுதி சொல்ல முடியாததால்தான் மாசிக்கு முதலிடம் கொடுத்தேன்.

வைகாசி, ஆனிக் கல்யாணக்காரர்களுக்கு

இவர்களுக்கு நேர்மையான ஆலோசனை: இந்த ஊரைத் தை மாதத்துக்கு ஒத்திவையுங்கள். கையில் பணமும் பாஸ்போர்ட்டும் இருந்து, நடையும் மலையும்தான் வேண்டும் என்றால், உங்கள் முகூர்த்தம் ஐரோப்பாவுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆல்ப்ஸ் மலையின் உயரமான பாதைகளில் பனி விலக ஜூன் பிற்பாதி ஆகிவிடும். மலைக் குடில்கள் அப்போது திறந்து செப்டம்பர் கடைசி வாக்கில் மூடும். ஜூன் கடைசியில் சுவிட்சர்லாந்தில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும், நடப்பதற்குப் பகல் தாராளம். ஜூலை, ஆகஸ்டில் அவர்களுக்கே பள்ளி விடுமுறை, கூட்டமும் விலையும் ஏறும். ஆகவே வைகாசித் தம்பதிகளுக்கு ஜூன் கடைசி வாரம், ஆவணித் தம்பதிகளுக்குச் செப்டம்பர் முதல் பாதி. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது பதினைந்து நாள் முன்னதாகக் கொடுத்திருக்க வேண்டும். கோடைக்கு நேர்காணல் தேதி கிடைப்பதே பாடு என்பதால், நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு தொடங்குங்கள். பெண்ணின் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றுவதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தை, மாசியில் அதே ஆல்ப்ஸில் பனிச்சறுக்கு தெரியாதவருக்குச் செய்ய அதிகம் இல்லை. தை மாதக் கல்யாணம் செய்தவருக்கு அண்ணாமலையே மலை.

நான்கு நாளை எப்படிப் பிரிப்பது

வந்த அன்று மதியத்துக்கு மேல் கந்தாசிரமம் ஏறுங்கள். ஆசிரமத்தின் பின்வாசலிலிருந்து கல் பாவிய பாதை போகிறது, மெதுவாக நடந்தாலும் முக்கால் மணி நேரம். ரமணர் 1916 முதல் 1922 வரை இருந்த இடம், அதற்கு முன் 1899-லிருந்து இருந்தது சற்றுக் கீழே உள்ள விரூபாட்ச குகை. இந்தச் சரிவு கிழக்குப் பார்த்தது, பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மலையின் நிழல் நம்மேல் விழத் தொடங்கும். வெயில் நமக்குப் பின்னாலிருந்து ஊர்மேல் அடிப்பதால் ஒன்பது கோபுரங்களும் துலக்கமாகத் தெரியும், 217 அடி ராஜகோபுரம் உட்பட. காலையில் ஏறினால் சூரியன் எதிரே, படம் எடுத்தாலும் கோபுரம் கறுப்பாகத்தான் விழும். மாலையில் சீக்கிரம் கதவடைத்துவிடுவார்கள், நேரத்தை ஆசிரம அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். பழம், பிஸ்கட், பாலித்தீன் பை எதுவும் கையில் வேண்டாம். குரங்குகளுக்குப் புதுமணத் தம்பதி என்ற தயவு கிடையாது. பாதையை விட்டு விலகுவதோ உச்சிக்கு ஏறப் பார்ப்பதோ வேண்டாம். வனத்துறை தடை செய்திருக்கிறது, வழிகாட்டுகிறேன் என்று யாராவது வந்து பேரம் பேசினாலும் போகாதீர்கள்.

இரண்டாம் நாள் கிரிவலம். தையில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் உதிக்கும், நான்கு மணிக்குக் கிளம்பினால் போதும். மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பதால் ஆசிரம வாசலிலிருந்து மேற்கே திரும்புவீர்கள். இப்படித் தொடங்குவதில் ஒரு லாபம், பாதையின் மரங்கள் அடர்ந்த அமைதியான பகுதி முதலில் வரும், ஊர்ப்பகுதி கடைசியில். அடி அண்ணாமலை தாண்டியபின் விடியும். பாதையோரத்து எட்டு லிங்கங்களில் ஒன்றான குபேர லிங்கத்துக்கு அப்பால் இடுக்குப் பிள்ளையார் கோயிலில் சிறிய வாசல் வழியாக ஒருக்களித்துப் படுத்து ஊர்ந்து வெளியே வர வேண்டும். புதுச்சேலை கட்டி வந்தவர்கள் வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். நிற்காமல் நடந்தால் மூன்று மணி, எட்டு லிங்கத்திலும் நின்று கும்பிட்டு, வழியில் சுக்குக் காபி குடித்து நடந்தால் நான்கு மணிக்கு மேல். மெதுவாகவே போங்கள். நிறைமாதக்காரி நடப்பதுபோல் நடக்க வேண்டும் என்று இங்கே பழைய ஆட்கள் சொல்வார்கள், அதைப் புது மருமகளிடம் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். வெறுங்கால் பழக்கமில்லாத நகரத்துக்காரர்கள் கல்யாணத்துக்கு முந்தைய மாதத்திலேயே மொட்டைமாடியில் நடந்து பழகட்டும். கொப்புளம் வந்தால் பிடிவாதம் பிடிக்காமல் பெரிய கோயில் வாசலில் முடித்துக்கொண்டு ஆட்டோ ஏறுங்கள், மிச்சம் இரண்டு கிலோமீட்டர்தான், அது சாலை நெரிசல்.

மூன்றாம் நாளுக்குக் காலில் மிச்சம் இருக்கும் தெம்பைப் பொறுத்து ஒன்று. செஞ்சி ராஜகிரி ஏறலாம், பிற்பகலில் மேலே ஏற விடமாட்டார்கள் என்பதால் காலையிலேயே போய்விட வேண்டும். பர்வதமலை இன்னும் கடினம். 4,560 அடி, கடப்பாறைப் படி, ஏணிப்படி என்று கம்பியைப் பிடித்துத் தொங்கும் இடங்களெல்லாம் உண்டு. கிரிவலத்துக்கு மறுநாளே அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனமில்லை. மழை நாளில் போகவே கூடாது, பாறை வழுக்கும், ஓடையில் தண்ணீர் திடீரென்று ஏறும். இருவரும் களைத்திருந்தால் வண்டி பிடித்து ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூர் போங்கள். சாமைச் சோறும் மலைத்தேனும் கிடைக்கும், மழை பெய்த வருடமானால் பீமன் அருவியில் தண்ணீர் இருக்கும். நான்காம் நாள் ஒன்றும் வேண்டாம். வாடகை சைக்கிளில் அடி அண்ணாமலை வரை போய் இட்லி சாப்பிட்டுத் திரும்புவதே போதுமான வேலை.

எங்கே தங்குவது

ஆசிரமத்தின் விருந்தினர் அறைகளைத் தேனிலவுக்குக் கேட்காதீர்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டால் சில நாளுக்கு இடம் கொடுப்பார்கள், வாடகை என்று எதுவும் இல்லை, முடிந்ததை நன்கொடையாகக் கொடுக்கலாம். அந்த இடம் தியானத்துக்கு வருபவர்களுக்கானது. வெளியே செங்கம் சாலையிலும் பக்கத்துத் தெருக்களிலும் தனியார் விடுதிகள் நிறைய. ஆசிரமத்துக்கு மாலையில் போய் உட்காருங்கள். வேத பாராயணமும் தமிழ்ப் பாராயணமும் கேட்கலாம், மயில்கள் வளாகத்தில் சர்வசாதாரணமாக உலாவும். மண்டபத்துக்குள் படம் எடுப்பதும் கைகோத்து உட்காருவதும் அங்கே பொருந்தாது. சொல்ல வருபவர்கள் கடுமையாகச் சொல்லமாட்டார்கள், அதனாலேயே நாமாகப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்.

அறை பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். காலை நான்கு மணிக்கு வெளிக்கதவைத் திறந்துவிடுவீர்களா? பல விடுதிகளில் காவலாளி ஆறு மணிக்கு முன் எழமாட்டார். நாங்கள் வரும் தேதிக்கு முன்னும் பின்னும் பௌர்ணமி எப்போது? பதில் சொல்லத் தடுமாறினால் அந்த விடுதிக்காரர் ஊருக்குப் புதியவர், வேறு இடம் பாருங்கள்.

சென்னையிலிருந்து கிளாம்பாக்கத்தில் பேருந்து ஏறலாம். 2024 மே முதல் சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வழியாக நேர் ரயிலும் ஓடுகிறது, மெதுவான ரயில், ஜன்னலோரம் கிடைத்தால் புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு அது குறையாகத் தெரியாது. திரும்பும்போது வெள்ளி மாலைக்குள் ஊரை விட்டுவிடுங்கள், சனிக்கிழமைக் கூட்டம் அன்றிரவே வந்து இறங்கத் தொடங்கிவிடும்.